தங்கம் தோண்டிய மலையடியில் தண்ணீர்: தேவாலா, பந்தலூர் நாட்குறிப்பு

ஞாயிறு: உதகை, நடுவட்டம், தேவாலா

நீலகிரி என்றதும் தேயிலையும் குளிரும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு, இந்த மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் ஒரு காலத்தில் தங்கம் எடுப்பதற்காக இலண்டன் பணம் வந்து குவிந்தது என்பது புதுச் செய்தியாக இருக்கலாம். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகச் சேரம்பாடிக்குச் செல்லும் சாலையில், தேவாலாவையும் பந்தலூரையும் சுற்றியுள்ள குன்றுகளில் அந்நாளில் குடைந்த சுரங்கங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் வாய்களிலிருந்து கசியும் நீர் சிற்றோடைகளில் இறங்கி, வயல்களைக் கடந்து, மாநில எல்லையைத் தாண்டிச் சாலியாற்றின் கிளைகளில் கலந்து, கடைசியில் பேப்பூரில் அரபிக்கடலைச் சேர்கிறது. அந்த நீர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதில் எவ்வகை உயிர்கள் தங்கியிருக்கின்றன என்று பார்ப்பதற்காகவே இந்த வாரம் புறப்பட்டோம். நான் வேதியியல் படித்தவன். என் நண்பர் கோவைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிப்பவர். அவருடைய ஆய்வு மாணவியர் இருவரும் உடன் வந்தார்கள்.

உதகையிலிருந்து பைக்காராவையும் நடுவட்டத்தையும் கடந்து கூடலூருக்கு இறங்கும்போது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் குறைந்துவிடுகிறது. குளிர் விலகிக் காபிச் செடிகளும் பாக்கு மரங்களும் தென்படத் தொடங்குகின்றன. சனவரி மாதம் என்பதால் வழியெங்கும் வீட்டு முற்றங்களில் காபிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. தென்மேற்குப் பருவமழையில் தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. இப்போது ஓடைகள் மெலிந்து, அடிக்கல் தெரியுமளவுக்குத் தெளிந்திருக்கின்றன. ஓடையில் இறங்கி வேலை செய்வதற்கு இதுவே வசதியான காலம். ஆனால் இக்காலத்தில் எடுக்கும் அளவுகள் ஓடையின் பாதிக் கதையைத்தான் சொல்லும் என்பதையும் இப்போதே குறித்துவைக்கிறேன்.

இரவு தங்கிய விடுதியில் மாணவியர் கேட்டதற்காகச் சுரங்கங்களின் வரலாற்றைச் சொன்னேன். ஆங்கிலேயர் வருவதற்கு முன்பிருந்தே இப்பகுதியின் ஓடை மணலை மரத்தட்டுகளில் அலசிப் பொன் எடுத்து வந்தார்கள். 1831-இல் நிக்கல்சன் என்ற படை அதிகாரி இத்தங்கத்தைப் பற்றி ஆராய அனுப்பப்பட்டார். 1874-இல் தேவாலாவில் ஆல்ஃபா கம்பெனி வெள்ளைக்கல் பாறையை உடைக்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையில் பெயர் பெற்ற பிரஃப் ஸ்மித் 1879-இல் வரவழைக்கப்பட்டு, நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றைத் தந்தார். அதையொட்டி இலண்டனில் கம்பெனிகள் வரிசையாக முளைத்தன. இயந்திரங்கள் மலையேறின, சுரங்கங்கள் குடையப்பட்டன, சில ஆண்டுகளிலேயே எல்லாம் சரிந்தன. பாறையில் தங்கம் இருந்தது. எடுக்கும் செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு இல்லை. கம்பெனிகள் போன பின் நிலம் காபிக்கும் தேயிலைக்கும் மாறியது. துளைகளும், உடைத்துக் கொட்டிய கற்குவியல்களும் அப்படியே நின்றுவிட்டன.

திங்கள்: சோலைக்குள்

சுரங்கத்துக்குக் கீழே உள்ள நீரைச் சோதிக்க வேண்டுமானால், முதலில் சுரங்கத்துக்கு மேலே உள்ள நீரைப் பார்த்தாக வேண்டும். இந்த மலையின் ஓடை இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டதா, இரும்பு மிகுந்ததா என்பது தெரியாமல், கீழே எடுத்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சுரங்கத்தின் மீது பழி போடுவது நியாயமாகாது. ஆகவே உரிய அனுமதியுடன், தோண்டப்படாத ஒரு சோலையிலிருந்து இறங்கும் ஓடையை ஒப்பீட்டு இடமாகத் தேர்ந்தெடுத்தோம். யானைகள் நடமாடும் பகுதி என்பதால், வெயில் நன்றாக ஏறிய பின்னரே உள்ளே போகலாம் என்று வழிகாட்ட வந்த, பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த அண்ணன் உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர் முன்னால் நடந்தார். ஓரிடத்தில் நின்று, மூங்கில் ஒடிந்திருந்த விதத்தைப் பார்த்து, "நேத்து ராத்திரி போயிருக்கு சார், இப்ப இல்ல" என்றார். அதன் பிறகே நாங்கள் ஓடைக்கு இறங்கினோம்.

மின்கடத்துதிறன் மானி நூறு மைக்ரோசீமென்சைத் தொடவே இல்லை. உப்பு மிகக் குறைந்த, மழையிலிருந்து நேராக வந்த நீர் அது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு (ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) ஏழுக்குச் சற்றுக் கீழே நின்றது. அடுத்ததாகக் கரைந்துள்ள ஆக்சிஜன். இதை அளக்க மின்கருவி இருந்தாலும், விங்க்ளர் முறையிலும் ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம். காற்றுக்குமிழ் நுழையாமல் கண்ணாடிக் குப்பியை நிரப்பி, மாங்கனீசு சல்ஃபேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்து மூடியவுடன், ஆக்சிஜன் உள்ள நீரில் பழுப்பு நிற வீழ்படிவு திரள்கிறது. ஆக்சிஜன் இல்லாத நீரிலோ அது வெண்மையாகவே நிற்கும். சோலை நீரில் திரண்ட பழுப்பு, காய்ச்சிய வெல்லப்பாகின் நிறத்தில் இருந்தது. கடல்மட்டத்தில் இருபது பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அது எட்டை ஒட்டியே நிற்கும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் சமவெளி அட்டவணையோடு ஒப்பிடுகிறவர்கள், நல்ல மலையோடையையும் குறையுள்ளதாக எழுதிவிட வாய்ப்புண்டு.

மதியத்துக்குப் பிறகு நண்பரின் வேலை தொடங்கியது. நீரோட்டத்துக்கு எதிராகச் சட்டமிட்ட வலையை ஊன்றி, அதற்கு மேற்புறம் உள்ள கற்களைக் காலால் கிளறினால், கற்களுக்கடியில் ஒட்டி வாழும் பூச்சிகளின் இளம்பருவங்கள் நீரோடு வந்து வலையில் தங்குகின்றன. அவற்றை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தபோது மாணவியர் இருவரும் வேறு எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. வால்போல மூன்று இழைகள் நீண்ட மேஃபிளை, இரண்டே இழைகள் கொண்ட ஸ்டோன்ஃபிளை, மணலையும் இலைத்துணுக்கையும் பசையால் ஒட்டித் தனக்கென ஒரு கூடு செய்து அதற்குள் வாழும் கேடிஸ்ஃபிளை, இவற்றோடு தட்டான்களின் இளம்பருவங்களும் நீர்வண்டுகளும் இருந்தன. கல்லோடு கல்லாகப் படிந்து கிடக்கும் தட்டை உடல் கொண்ட மேஃபிளைகளை நண்பர் தனியே எடுத்துக் காட்டினார். உலோகம் கலந்த நீரில் முதலில் மறைவன அவைதாம். பிரிட்டனில் உருவாகிப் பிற நாடுகளிலும் தழுவப்பட்ட, மாசைத் தாங்காத உயிர்களுக்கு அதிக மதிப்பெண் தரும் ஒரு மதிப்பீட்டு முறையில், இந்தத் தட்டை மேஃபிளைக் குடும்பத்துக்கும் ஸ்டோன்ஃபிளைகளின் பல குடும்பங்களுக்கும் பத்து மதிப்பெண். சிவப்புப் புழுவாகச் சேற்றில் நெளியும் கைரோனமிட் கொசுவினத்துக்கு இரண்டு. மண்புழு இனத்து நீர்ப்புழுக்களுக்கு ஒன்று. நம் நாட்டின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆறுகளை உயிரினங்களைக் கொண்டு மதிப்பிட இத்தகைய முறையை வகுத்து வைத்திருக்கிறது. ஆனால் சிற்றோடைகள் வரை அது வந்து சேர்வதில்லை.

குப்பியில் எடுத்த நீர், எடுத்த அந்தக் கணத்தைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். நேற்று இரவு சுரங்கத்திலிருந்து கெட்ட நீர் இறங்கிப் போயிருந்தால் இன்று காலை எடுத்த குப்பிக்கு அது தெரியாது. இந்தப் பூச்சிகளோ பல மாதங்கள், சில வகைகள் ஓராண்டுக்கும் மேலாக, அதே கல்லுக்கடியில் வாழ்கின்றன. இடையில் ஒருநாள் நஞ்சு வந்திருந்தாலும் அவை அங்கே இருக்கமாட்டா. ஆகவே வேதியியல்காரனாகிய நானும், ஓடையைக் கண்காணிக்க ஒரே ஒரு முறைதான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் வலையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

செவ்வாய்: சுரங்க வாய்க்குக் கீழே

இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. மூடப்பட்ட சுரங்கங்களுக்குள் இன்றும் ஆட்கள் இறங்குகிறார்கள். மண் சரிந்தும் மூச்சு முட்டியும் உயிர்கள் போயிருக்கின்றன. வழி சொல்லி இன்னொருவரை அங்கே அனுப்பிவைக்க எனக்கு விருப்பமில்லை. நாங்களும் உள்ளே நுழையவில்லை.

தேயிலைச் சரிவின் அடியில், சீமைப் புல் மூடிய ஒரு பிளவிலிருந்து விரல் தடிமனில் நீர் கசிந்துகொண்டிருந்தது. கசிவு ஓடையைத் தொடும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்துக்குக் கற்களெல்லாம் செம்மஞ்சள் நிறம். தொட்டால் வழுக்கும் பசைபோல அந்தப் படிவு கையில் ஒட்டியது. தங்கம் பொதிந்த வெள்ளைக்கல் பாறையில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமமும் உண்டு. மலைக்குள் புதைந்திருக்கும்வரை அதனால் யாருக்கும் கேடில்லை. சுரங்கம் வெட்டிக் காற்றையும் நீரையும் உள்ளே விட்டபின், பைரைட்டின் கந்தகம் கந்தக அமிலமாகிறது; இரும்பு கரைந்து வெளியே வந்து, ஓடையின் காற்றைக் கண்டதும் துருவாகப் படிகிறது. சுரங்கம் வேலை செய்கிறதா, மூடிக் கிடக்கிறதா என்பதைப் பொறுத்தது அன்று இது. பாறை தீரும்வரை நடந்துகொண்டே இருக்கும். கசிவின் பி.எச். ஆறுக்குக் கீழே இறங்கியது. குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு 6.5 முதல் 8.5 வரை.

வேதியியல் எண்களைவிட என்னை வருத்தியது அந்தக் கற்களின் நிலை. சோலையில் ஒரு கல்லைத் தூக்கினால் அடியில் இடைவெளி இருந்தது. நீர் புகுந்து ஓடியது. அங்கேதான் பூச்சிகள் வாழ்ந்தன. இங்கே கற்கள் பாதிக்கு மேல் நுண்மண்ணில் புதைந்து, தூக்கினால் உறிஞ்சிக்கொண்டு எழுந்தன. மேலே கொட்டிக் கிடக்கும் பழைய கல்தூள் குவியலை மழை தோறும் அரித்து வந்து இடைவெளிகளை அடைத்துவிட்டிருக்கிறது. பாறையில் ஒட்டிப் பாசி சுரண்டி உண்ணும் கல்லொட்டி மீன்கள் சோலை ஓடையில் நிழல் கண்டவுடன் சிதறி ஓடின. இங்கே ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. வாய்க்குக் கீழே உள்ள ஒட்டுத்தட்டால் பற்றிக்கொள்ள அதற்கு வழுவழுப்பான வெறும் பாறை வேண்டும். துருப்படிவு மூடிய கல்லில் பாசியும் வளர்வதில்லை, பிடிப்பும் கிடைப்பதில்லை. நீரை எவ்வளவு தூய்மையாக்கினாலும் இந்த அடித்தளம் திரும்பி வராமல் மீன் திரும்பி வராது.

வலையில் வந்தவை சில நீர்வண்டுகள், நிறையச் சிவப்புப் புழுக்கள், கூடு கட்டும் கேடிஸ்ஃபிளை ஒன்றிரண்டு. தட்டை மேஃபிளை இல்லை. கசிவு சேரும் இடத்துக்கு மேலே, அதே ஓடையில், அதே தேயிலைத் தோட்டத்துக்குள் வலை போட்டபோது அவை இருந்தன. இந்த ஒப்பீடு முக்கியமானது. தேயிலைக்கு அடிக்கும் மருந்தும் உரமும் பூச்சிகளைக் கொல்லக்கூடியவை. சுரங்கத்தின் விளைவையும் தோட்டத்தின் விளைவையும் பிரித்தறிய இப்படி மேலும் கீழும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புதன்

காலையில் ஓடைப் பக்கம் யானைக் கூட்டம் நின்றதால் இறங்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் (வரிசை வீடுகளில்) பேசிக்கொண்டிருந்தோம். இப்பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிற பலர், 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். முதிய அம்மா ஒருவர், வந்த புதிதில் அந்த ஓடையில்தான் குடிக்கத் தண்ணீர் எடுத்ததாகவும், செம்மண் நிறத்தில் துணி கறைபடத் தொடங்கியதும் வேறு ஊற்றுக்கு மாறியதாகவும் சொன்னார். "இரும்புத் தண்ணி தம்பி, அரிசிகூடக் கறுத்துப் போகும்" என்றார். எந்த ஆண்டு என்று அவருக்கு நினைவில்லை. எங்கே எடுத்தார், எங்கே மாறினார் என்பதைத் துல்லியமாகக் காட்டினார். வரைபடத்தில் இரண்டு இடங்களையும் குறித்துக்கொண்டோம்.

வியாழன்: வயலும் பாடியும்

இன்று நீரைவிடச் சேற்றைத் தேடிப் போனோம். குன்றுகளுக்கிடையே தாழ்ந்த ஈர நிலத்தில் நெல் விளையும் வயல்கள் உண்டு. ஓடை அங்கே வேகம் குறைந்து, தூக்கி வந்த நுண்மண்ணைப் படியவைக்கிறது. வயலோரத்தில் பணியர்களின் பாடி. சில வீடுகள், ஒரு பொதுக் குழாய். சிறுவர்களும் பெண்களும் ஓடையில் நண்டும் சிறுமீனும் பிடிப்பது இங்கே அன்றாட வழக்கம். நாங்கள் சென்றபோதும் ஒரு பெண் கல்லைப் புரட்டிப் புரட்டி நண்டு தேடிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் பாதரசத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. உடைத்துப் பொடித்த பாறையை நீரோடு சேர்த்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தங்க ஆலைகளின் பொதுவான முறை. தங்கத்துகள் பாதரசத்தில் பிடிபட்டு இரசக்கலவையாகும். அதைச் சூடாக்கினால் 357 பாகை செல்சியசில் பாதரசம் ஆவியாகிப் போய்த் தங்கம் எஞ்சும். தகட்டில் நிற்காமல் கழிவோடு போன பாதரசம் ஓடைக்குத்தான் போயிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1849-ஐ ஒட்டிய தங்க வேட்டையில் ஆறுகளில் கலந்த பாதரசம், சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடா வரை சென்று, அங்கே மீன்களில் இன்றும் காணப்படுகிறது. உலகெங்கும் கைத்தொழிலாகத் தங்கம் எடுப்பவர்களும் இதே முறையைக் கையாள்கிறார்கள். மனிதச் செயலால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இத்தொழிலிலிருந்தே வருகிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே இந்த ஓடைகளில் பாதரசம் இருக்கிறதா என்று கேட்பது மிகையான அச்சம் ஆகாது.

ஆனால் தண்ணீரில் மட்டும் தேடினால் அது பெரும்பாலும் அகப்படாது. பாதரசம் நுண்மண்ணைப் பற்றிக்கொண்டு அடியில் படிந்துவிடும். தெளிந்த சனவரி நீரைப் பரிசோதித்து, குடிநீர் வரம்பாகிய லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்குள் இருக்கிறது என்று சான்றிதழ் தருவது எளிது. ஆனால் காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள், அடியில் படிந்த பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது புழுவுக்கும், புழுவைத் தின்னும் மீனுக்கும், மீனைத் தின்னும் மனிதருக்கும் படிப்படியாகச் செறிந்துகொண்டே போகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட பாதரச நோயின் கொடுமை நீரைக் குடித்தவர்களுக்கு வந்தது அன்று. மீனைத் தின்றவர்களுக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசத்தைத் தாங்கக்கூடிய எல்லையாக வைத்திருக்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அது வாரத்துக்கு 80 மைக்ரோகிராம். ஒரு கிலோ மீனில் அரை மில்லிகிராம் இருந்தால், வாரத்துக்கு 160 கிராம் மீனிலேயே அந்த எல்லை வந்துவிடும். கடையில் மீன் வாங்கி எப்போதோ உண்பவருக்கு இந்தக் கணக்கு சிறிதாகத் தோன்றலாம். ஓடையில் பிடித்ததையே குழம்பு வைப்பவருக்கு அப்படியில்லை.

அதனால் சேற்றை மேலடுக்கிலிருந்து மட்டும், உலோகம் படாத கரண்டியால் எடுத்து, நுண்ணிய சல்லடையில் சலித்துக் கண்ணாடிக் குப்பியில் அடைத்தோம். நீர் மாதிரிக்கும் அமிலத்தில் கழுவிய கண்ணாடிக் குப்பிதான். சாதாரணப் பிளாஸ்டிக் குப்பியில் பாதரசம் நிற்காமல் போய்விடும். குப்பியைத் தொடுகிறவர் வேறு எதையும் தொடக்கூடாது என்பதால் மாணவியரில் ஒருவர் கையுறையோடு குப்பியை மட்டும் கையாண்டார், மற்றவர் பெட்டி, குறிப்பேடு, வலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். பாடியில் பிடித்த நண்டும் மீனும் விலை கொடுத்து வாங்கிப் பனிக்கட்டியில் வைத்தோம். வீட்டுக்காரர்களிடம், இதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போகிறோம், இப்போது எதுவும் சொல்ல முடியாது, சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லவும் இல்லை என்று விளக்கினோம். மூத்தவர் ஒருவர், "முடிவு வந்தா வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டார். முன்பும் யாரோ வந்து தண்ணீர் எடுத்துப் போனதாகவும், திரும்பி வரவில்லை என்றும் அவர் சொன்னபோது எனக்குப் பதில் உடனே வரவில்லை. வருவோம் என்று சொன்னேன்.

வெள்ளி: பந்தலூருக்குக் கீழே

கடைசி இடம் ஊருக்குக் கீழே. இங்கே எங்கள் அளவுகளில் சுரங்கத்தைத் தேடுவது வீண். வீட்டுக் கழிவுநீரும் குப்பையும் சேர்ந்த ஓடையில் ஆக்சிஜன் சரிந்து, விங்க்ளர் குப்பியின் பழுப்பு வெளிறிப் போயிருந்தது. தட்டில் சிவப்புப் புழுக்களே நிறைந்திருந்தன. ஊர்க்கழிவின் கேடும் சுரங்கக் கழிவின் கேடும் ஒரே எண்ணில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்விடத்தைத் தனியாகப் பதிந்தோம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மதியம் குப்பிகளைப் பனிப்பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் இடமும் நேரமும் எடுத்தவர் கையெழுத்தும் சரிபார்த்தோம். நீர், சேறு, மீன் மூன்றையும் பாதரசத்துக்கும் ஆர்செனிக்குக்கும் இரும்புக்கும் சோதிக்க ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். அடுத்த சுற்று கோடை மழைக்கு முன் ஏப்ரலில், அதன் பின் சூன் மாதத்தில் முதல் வெள்ளம் இறங்கும் வாரத்தில். ஆண்டின் நுண்மண்ணில் பெரும்பகுதி அந்தச் சில நாட்களில்தான் நகர்கிறது. அப்போது ஓடைக்கரையில் நிற்பது கடினம், ஆனால் அப்போது எடுக்காத அளவை வேறு எப்போதும் எடுக்க முடியாது. இடையிலுள்ள மாதங்களுக்குப் பந்தலூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பி.எச். மானியையும் ஒரு வலையையும் வாங்கி வைத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை மாணவர்களோடு சோலை ஓடையிலும் வயலோரத்திலும் பார்த்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். கசிவின் பக்கம் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

ஆய்வக முடிவுகள் வந்ததும் முதலில் பாடிக்குப் போய்ச் சொல்வோம். அவர்களோடு பேசிய பிறகே இங்கே எழுதுவேன்.